காலை ஷிப்ட் எழுதிய காகிதம்

நான் வாயைத் திறக்குமுன்பே கைக்கடிகாரத்தைப் பார்க்கத் தொடங்கிவிட்ட சங்கத் தலைவர் அவர்களே! சக்கரத்தோடு சக்கரமாய்ச் சுழன்று ஓய்வுபெற்ற மூத்த ஓட்டுநர்களே! அடுப்பில் ஒரு கண்ணும் வாசலில் ஒரு கண்ணுமாய் எங்களுக்காகக் காத்திருக்கும் தாய்மார்களே! நாற்காலியில் கறை படுமே என்று பின்னால் நின்றுகொண்டே கேட்கும் மெக்கானிக் தோழரே! பேருந்துப் பணிமனையின் நேரக்காப்பாளராகிய நான் உங்கள் அனைவரையும் வணங்குகிறேன்.

புதிய மனநலச் சட்டம் பற்றிப் பேசச் சொன்னார்கள். சட்டம் என்றதும் கொட்டாவி வருகிறதா? வரட்டும், கதை வந்ததும் போய்விடும். மனம் தெளிந்திருக்கும் நாளில், மனம் கலங்கும் நாளுக்காக, ஒருவர் தன் விருப்பத்தை எழுதிவைக்கலாம் என்கிறது அந்தச் சட்டம். எந்தச் சிகிச்சை வேண்டும், எது வேண்டாம், தனக்காக யார் பேச வேண்டும் என்று எழுதலாம். முன்விருப்ப ஆவணம் என்று பெயர். மருத்துவரும் மதிக்க வேண்டும், காவலரும் மதிக்க வேண்டும்.

ஏட்டில் கிடந்த அந்த எழுத்துக்கு எழுந்து நிற்கக் கற்றுக்கொடுத்தது யார்? மாளிகையா? மன்றமா? மார்தட்டிச் சொல்கிறேன், மசகெண்ணெய் மணக்கும் நம் பணிமனை! பொறுங்கள், காரணத்தைக் கேட்டுவிட்டுக் கைதட்டுங்கள்.

ஏழாம் எண் வண்டியின் ஓட்டுநரை உங்களுக்குத் தெரியும். நிதானம் அண்ணன். ஆமைகூட முந்திவிடும் என்று நீங்கள் கேலி செய்கிறீர்களே, அவரேதான். இருபது ஆண்டுகளில் ஒரு கண்ணாடியைக்கூட உரசாதவர். அவருக்கு மனநோய் உண்டு. "மேடையில சொல்லும்மா, முணுமுணுக்காம சத்தமா சொல்லு" என்று அவரே அனுமதி தந்திருக்கிறார்.

முதன்முறை அவருக்கு நோய் முற்றியபோது நாம் என்ன செய்தோம்? வெட்கத்தோடு கேட்கிறேன், என்ன செய்தோம்? நால்வர் அமுக்கினோம். வண்டி இழுக்கும் கயிற்றால் கட்டினோம். தெருவே வேடிக்கை பார்க்க, சைரன் அலற ஏற்றி அனுப்பினோம். குணமாகி வந்தவர், மணிக்கட்டில் விழுந்த தழும்பை முழுக்கைச் சட்டையில் மறைத்துக்கொண்டார். நம்மிடம் ஒரு வார்த்தை கோபித்துக்கொள்ளவில்லை. அதுதான் எனக்கு இன்றும் வலிக்கிறது.

சட்டம் வந்தது. அண்ணன் எழுத உட்கார்ந்தார். ஷிப்ட் முடித்து இறங்கும் ஓட்டுநர், அடுத்து ஏறுபவருக்காகக் குறிப்பேட்டில் எழுதிவைப்பது நம் வழக்கம் அல்லவா? பிரேக் இடப்பக்கம் இழுக்கிறது, மூன்றாவது கியர் அடம்பிடிக்கிறது என்று எழுதுவோம். அதை வாசிக்காமல் எவரும் சாவியைத் தொடுவதில்லை. அண்ணன் தன்னைப் பற்றியும் அப்படியே எழுதினார். "சத்தம் ஆகாது. சைரன் வேண்டாம். கட்ட வேண்டாம். பழைய ஊசி தாடையை இறுக்கும், மாற்று மருந்து தரவும். வர மாட்டேன் என்று நானே சொன்னாலும் மருத்துவமனைக்கு அழைத்துப் போகவும். எனக்காகப் பேச வேண்டியவர் நேரக்காப்பாளர்."

அண்ணியை விட்டுவிட்டு என்னை ஏன் எழுதினீர்கள் என்று கேட்டேன். "அவ அழுவா. நீ கடிகாரத்தைப் பார்ப்பே" என்றார்.

மருத்துவர் ஒப்பமிட்ட அந்தக் காகிதத்தை நாம் எப்படிப் போற்றினோம்? கோப்பில் போட்டோம். கோப்பைச் சங்க அலமாரியில் வைத்தோம். அலமாரியைப் பூட்டினோம். சாவியைச் சங்கச் செயலாளரிடம் கொடுத்தோம். செயலாளர் யார்? நிதானம் அண்ணன்! சிரியுங்கள், நன்றாகச் சிரியுங்கள். அந்தக் காகிதம் தேவைப்பட்ட அன்று எனக்கு உயிரே போய்விட்டது.

சென்ற ஆண்டு ஒரு பிற்பகல். நான்கு நாள் தூங்காத அண்ணன், காலியாய் நின்ற ஏழாம் எண் வண்டியில் ஏறிக் கதவை மூடிக்கொண்டார். வண்டிச் சாவி என் மேசையில், அலமாரிச் சாவி அவர் இடுப்பில். "கிட்ட வராதீங்க! எல்லாரும் சேர்ந்து என்னைக் கொல்லப் பார்க்கறீங்க!" என்று கத்தினார். பதறிப்போன யாரோ காவல் நிலையத்துக்குச் சொல்லிவிட்டார்கள். கயிற்றோடு இரு காவலர்கள் வந்துவிட்டார்கள்.

"கட்டக் கூடாதுன்னு எழுதி வச்சிருக்காரு சார்" என்றேன்.

"எழுதினது எங்கம்மா?"

என்ன சொல்வேன்? பூட்டிய அலமாரியைக் காட்டினேன். அப்போது மெக்கானிக் கேட்டார்: "பூட்டுதானே திறக்காது? கதவைக் கழட்டலாமே!" மூன்றே நிமிடத்தில் கீல்களைக் கழற்றி, அலமாரிக் கதவையே எடுத்துச் சுவரில் சாத்திவிட்டார். அதோ, தலைகுனிந்து நிற்கிறார். நிமிருங்கள் ஐயா!

மூத்த காவலர் இருமுறை வாசித்தார். "நாங்க கேட்டுக்கு வெளிய நிக்கறோம். மனநல ஆஸ்பத்திரி நெருக்கடிக் குழுவைக் கூப்பிடுங்க" என்றார். சைரன் இல்லாத வண்டியில், சாதாரண உடையில் ஒரு செவிலியர் வந்தார். "அவர் எழுதினதை அவருக்கே வாசிச்சுக் காட்டுங்க" என்று என்னிடம் சொன்னார்.

"அதைக் கிழிச்சுப் போடு! நான் எங்கயும் வர மாட்டேன்!" என்றார் அண்ணன். கிழி என்பவரும் அவர், எழுதியவரும் அவர். எந்த அண்ணனுக்கு நான் கீழ்ப்படிவது? கடிகாரத்தைப் பார்த்தேன், முள் தெரியவில்லை. நானும் அழுதுகொண்டிருந்தேன், தோழர்களே.

"அண்ணே, காலை ஷிப்ட் டிரைவர் குறிப்பு எழுதி வச்சிருக்காரு. வாசிக்கட்டுமா?"

கூச்சல் நின்றது. ஜன்னலோரம் நின்று வரிவரியாக வாசித்தேன்.

"கையெழுத்து இருக்கா?"

"இருக்குண்ணே."

"காட்டு."

கண்ணாடியில் ஒட்டிப் பிடித்தேன். தன் கையெழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "எழுதினவன் நல்ல டிரைவர். அவன் பேச்சை மீறக் கூடாது" என்றார். கதவு திறந்தது. தகவல் கேட்டு ஓடிவந்திருந்த அண்ணியின் கையைப் பிடித்துக்கொண்டு, கயிறில்லாமல், காவலில்லாமல், கூட்டத்தின் கூசவைக்கும் பார்வையில்லாமல், தன் காலால் நடந்து போனார்!

இப்போது தட்டுங்கள் கைகளை! கட்டிய கைகள் கட்டாமல் நின்றனவே, அதற்குத் தட்டுங்கள்! கலங்கிய மனிதரின் சொல்லைக் காவலுக்கு வந்தவரும் காத்தாரே, அதற்குத் தட்டுங்கள்! அதன்பின் நம் பணிமனையில் முப்பத்தெட்டுப் பேர் எழுதிவிட்டோம். நானும் எழுதிவிட்டேன். உறையிலிட்ட பிரதிகள் நேர அலுவலகத்தில் கையெட்டும் இடத்தில் இருக்கின்றன. அந்த அலமாரிக்கு மட்டும் இன்றுவரை கதவு மாட்டவில்லை, மாட்டவும் விடமாட்டேன்.

வெளியே ஹாரன் கேட்கிறதா? முடித்துக்கொள் என்கிறார். ஏழு மாதச் சிகிச்சைக்குப் பின், மருத்துவர் சான்றோடு இருக்கைக்குத் திரும்பிய நிதானம் அண்ணன்தான் உங்களை வீட்டில் இறக்கிவிடப் போகிறார். டிக்கெட் எடுத்துவிட்டு ஏறுங்கள். ஏறும்போது அவர் கைகளைப் பாருங்கள். இன்று அவர் அரைக்கைச் சட்டை போட்டு வந்திருக்கிறார்.

பொறுமையோடு கேட்ட பெரியோர்களுக்கும், கடிகாரத்தை மறந்த தலைவருக்கும் நெஞ்சார்ந்த நன்றி. வணக்கம்!