பூசணிக்காய் உடைத்த இடம்

என் மகள் அனன்யா சின்னவளாக இருந்தபோது ஒரு கேள்வி கேட்டாள். ஆயுத பூஜை அன்று எங்கள் பழைய காருக்குப் பூசணிக்காய் சுற்றி வாசலில் உடைத்திருந்தேன். குங்குமம் கலந்து சிதறிக் கிடந்த துண்டுகளை அவள் குனிந்து பார்த்தாள்.

"அப்பா, திருஷ்டி கார்லேர்ந்து போயிடுத்தா?"

"போயிடுத்து."

"எங்கே போச்சு?"

"ரோட்டுக்கு."

"அப்போ ரோட்டில வரவா மேல ஏறிக்காதா?"

சூடம் அணைவதற்குள் தேங்காய் உடைக்க வேண்டியிருந்தது. பெரியவர்களுக்கு இப்படி ஏதாவது ஒரு வேலை எப்போதும் இருக்கும்.

நான் சாது. கல்கத்தாவில், காளிகாட்டில் எங்கள் சந்தில் யாரைக் கேட்டாலும் அப்படித்தான் சொல்வார்கள். என் தாத்தா ஒரு வெள்ளைக்காரக் கம்பெனியில் கணக்கராக இந்த ஊருக்கு வந்தவர். மூன்றாவது தலைமுறையான என்னை, வாஞ்சிநாதன் என்ற பெயர் வாயில் நுழையாத வங்காளிகள் 'பாஞ்சி பாபு' ஆக்கிக்கொண்டார்கள். காலையில் சந்து நாய்களுக்கு பிஸ்கட் போடுவேன். மெட்ரோவில் எழுந்து இடம் கொடுப்பேன். சில சமயம் என்னைவிட இளையவர்களுக்குக் கொடுத்து முறைப்பும் வாங்கியிருக்கிறேன். எறும்பை மிதிக்காமல் நடந்து நடந்து என் நடையே கோணலாகிவிட்டது என்று என் மனைவி அனந்தலக்ஷ்மி சொல்வாள். உலகம் சின்னச் சின்ன உபகாரங்களால்தான் நிற்கிறது என்பது என் நம்பிக்கை. அதில் இன்றைக்கும் மாற்றமில்லை.

உத்தியோகம், போக்குவரத்து ஆணையம் ஒன்றில் மக்கள் தொடர்பு அதிகாரி. அதாவது, மக்கள் திட்டுவதைக் கேட்டுக்கொள்வதற்காகச் சம்பளம் வாங்குபவன்.

எங்கள் ஆணையம் பெஹாலாவைத் தாண்டிப் போகும் நெடுஞ்சாலையின் நடுவில் பஸ்ஸுக்கென்று தனித் தடம் போட்டது. வழியெல்லாம் கண்ணாடி நிலையங்கள், குளிர்சாதன பஸ்கள். நிலையத்துக்குப் போக உயரமான நடைமேம்பாலங்கள். முழங்கால் வலிக்காரர்கள் அந்தப் படிகளை அண்ணாந்து பார்த்துவிட்டு ஆட்டோவில் ஏறினார்கள். தனித் தடத்தில் பறந்து வந்த பஸ், கடைசியில் அதே பழைய சிக்னலில் லாரிகளோடு சேர்ந்து நின்றது. கொட்டிய பணத்துக்குப் பயணி ஒவ்வொருவரையும் பல்லக்கில் தூக்கிப் போயிருக்கலாம்.

கடைசி வாக்கியம் என்னுடையது அல்ல. ரஞ்சன் பாபு எழுதியது.

ரஞ்சன் பாபு ஓய்வு பெற்ற பூகோள ஆசிரியர். தினமும் காலையில் ஸ்கூட்டரில் வந்து, தடம் தொடங்கும் இடத்தில் நின்று காலி பஸ்களைப் படம் எடுப்பார். ஞாயிற்றுக்கிழமை அது ஒரு வங்காளிப் பத்திரிகையில் அவருடைய கட்டுரையோடு வரும். 'கல்கத்தாவில் காற்றுக்குக்கூட ஏசி பஸ்ஸில் சவாரி கிடைக்கிறது' என்று ஒரு வாரம் எழுதினார். கண்காணிப்புக் கேமராக்களுக்கு இன்னும் மின் இணைப்பே கொடுக்கவில்லை என்று இன்னொரு வாரம். என்னை எங்கே பார்த்தாலும் ஸ்கூட்டரை நிறுத்துவார்.

"என்ன பாஞ்சி பாபு, இன்றைக்கு உங்கள் பஸ்ஸில் டிரைவராவது ஏறினாரா?"

நான் சிரிப்பேன். அவர் எழுதியது எல்லாம் உண்மை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. பொய்யாக இருந்தால் மறுப்பு அனுப்பியிருப்பேன், அது என் வேலை. உண்மைக்கு என்ன மறுப்பு அனுப்புவது?

பொதுமக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம் நெருங்கியது. திட்டத்தின் இரண்டாம் கட்டம் அதைப் பொறுத்திருந்தது. மேலதிகாரி என்னைக் கூப்பிட்டு, "உங்கள் நண்பரைச் சும்மா இருக்கச் சொல்லுங்கள்" என்றார். அன்று நான் சாப்பிடாமல் உட்கார்ந்திருந்ததைப் பார்த்து அனந்தலக்ஷ்மி சொன்னாள்:

"ஊர்க் கண்ணெல்லாம் உங்க பஸ் மேலதான் இருக்கு. திறப்பு விழாவுக்கு நாடா வெட்டினேளே, ஒரு பூசணிக்காய் உடைச்சேளா? இதுவும் தெரியாம என்ன ஆபீஸரோ."

அவள் சொன்னது நியாயமாகப் பட்டது. காளிகாட்டில் காய்கறிக்காரன் பூசணிக்காயை எடுத்துத் தட்டிக் காட்டிவிட்டு, "பலிக்கா, தாதா?" என்று அண்ணன் முறை வைத்துக் கேட்டான். இந்த ஊரில் காளிக்கு ஆட்டுக்குப் பதிலாக அதை வெட்டுவார்கள். "இல்லை, பஸ்ஸுக்கு" என்றேன். அவன் கையில் இருந்ததை வைத்துவிட்டு, கொஞ்சம் பெரிதாக ஒன்றை எடுத்துக் கொடுத்தான்.

எங்கே உடைப்பது என்று யோசித்தேன். டிப்போ வாசலில் உடைத்திருக்கலாம். ஆனால் கண் எங்கே விழுகிறதோ அங்கேதானே கழிக்க வேண்டும். ரஞ்சன் பாபுவின் கண் விழுவது தடம் தொடங்கும் இடத்தில். அவர் தன் ஸ்கூட்டரைத் திருப்புவதும் அங்கேதான். அதையும் யோசித்தேன். ஒரு சின்ன வழுக்கல். முழங்கையில் சிராய்ப்பு. கேமரா உடைந்து, கருத்துக் கேட்பு முடியும்வரை அவர் வீட்டில் ஓய்வெடுத்தால் போதும். அவர் வயதுக்கு ஓய்வு நல்லது. என் மனதில் இருந்தது அவ்வளவுதான். அதற்கு மேல் பேராசை எதுவும் இல்லை.

விடியும் நேரத்தில் சூடம் ஏற்றி, சுற்றி, உடைத்தேன். நன்றாகச் சிதறியது. பிறகு அங்கேயே நின்றேன். வேறு யாரும் வழுக்கிவிடக் கூடாது என்ற கவலை எனக்கு. பால்காரர் ஒருவரைக் கை காட்டி ஓரமாகப் போகச் சொன்னேன். பள்ளிக்கூட ரிக்‌ஷா ஒன்றை நானே பிடித்துச் சுற்றிக் கொண்டுபோய் விட்டேன். அந்தக் குழந்தைகள் எனக்கு டாட்டா காட்டினார்கள்.

ரஞ்சன் பாபு வந்தபோது நான் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தேன்.

ஸ்கூட்டர் சறுக்கி அவர் பஸ் தடத்துக்குள் விழுந்தார். பின்னால் வந்த பஸ் பிரேக் பிடித்தது. அதுவும் அதே பூசணிச் சதையில் வழுக்கி, கொஞ்சம் தள்ளி நின்றது. அந்தக் கொஞ்சத்தில் அவருடைய இடுப்பு இருந்தது.

டிரைவர் இஸ்மாயில் குதித்து ஓடி வந்து, அவரை மடியில் சாய்த்துக்கொண்டு ஆம்புலன்ஸுக்கு போன் செய்தான். நான் பூசணித் துண்டுகளைப் பொறுக்கினேன். இன்னும் யாராவது விழுந்துவிட்டால்? எல்லாவற்றையும் பையில் போட்டு, குங்குமக் கறை மீது மண்ணைத் தூவிய பிறகுதான் அவர் பக்கத்தில் போனேன். என் கைகளைப் பார்த்து, ரத்தம் என்று நினைத்து, இஸ்மாயில் தன் தண்ணீர் பாட்டிலை நீட்டினான்.

"கையக் கழுவுங்க சார். பதறாதீங்க. நான் இருக்கேன்ல."

கழுவிக்கொண்டேன். அது ஒரு உபகாரம். நான் அதை மறக்கவில்லை.

இஸ்மாயிலின் குடும்பம் காயல்பட்டினத்திலிருந்து வியாபாரத்துக்காக இந்த ஊருக்கு வந்தது. ஆபீஸில் என்னோடு தமிழ் பேச அவன் ஒருவன்தான். விபத்து அன்றே அவனை வேலையிலிருந்து நிறுத்திவைத்தார்கள். போலீஸ் வழக்கும் போட்டது. விசாரணைக்கு முன்பு அவன் என் அறைக்கு வந்தான்.

"ரோட்டுல வெள்ளையா என்னமோ கெடந்துச்சு சார். என் கண்ணால பாத்தேன். நீங்களும் அங்கதானே நின்னீங்க."

"உட்காருப்பா. டீ சொல்லட்டுமா?"

"டீ வேணாம் சார். நீங்க ஒரு வார்த்தை சொன்னீங்கன்னா போதும். நம்ம பாஷை பேசுற ஒரு மனுஷன் ஆபீஸ்ல இருக்காருன்னு வீட்ல சொல்லிட்டு வந்திருக்கேன்."

டீ வரவழைத்தேன். கூட சிங்காரா, அதாவது இந்த ஊர் சமோசா, வாங்கிக் கொடுத்தேன். விசாரணைக் குழு என்னைக் கேட்டது, "சாலையில் ஏதாவது கிடந்ததா?" நான் பொய் சொல்பவன் அல்ல. "நான் அவர் அருகே போனபோது சாலை சுத்தமாக இருந்தது" என்றேன். அது உண்மை. சுத்தம் செய்தவனே நான்தான். அதை யார் செய்தார்கள் என்று அவர்கள் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன் என்றே நினைக்கிறேன்.

ரஞ்சன் பாபு இனிமேல் நடக்க மாட்டார் என்று டாக்டர்கள் சொல்லிவிட்டார்கள். விழுந்தது எப்படி என்று அவருக்கு நினைவில்லை. ஆஸ்பத்திரியில் அவரைப் பார்க்கப் பெரிதாக யாரும் வரவில்லை. நான் போனேன். தினமும் மிளகு ரசமும் குழைந்த சாதமும் எடுத்துப் போய் ஸ்பூனால் ஊட்டினேன். ஒரு நாள் அவர் கண் கலங்கியது.

"உங்களை எத்தனை கிண்டல் செய்திருக்கிறேன், பாஞ்சி பாபு. ஆணையத்திலும் மனிதர்கள் இருக்கிறார்கள் என்று நான் எழுதவே இல்லையே."

"அதெல்லாம் எதற்கு இப்போது? சூடு ஆறுவதற்குள் குடியுங்கள்."

பிறகு படுத்துக்கொண்டே எழுதத் தொடங்கினார். எங்கள் திட்டத்தைப் பற்றி ஒரு வரி இல்லை. ரசம் கொண்டுவருபவனின் பஸ்ஸை எப்படித் திட்டுவது? அவர் இப்போது எழுதுவதெல்லாம் கவனமில்லாத டிரைவர்களைப் பற்றி. இஸ்மாயிலைப் பெயர் சொல்லியே எழுதினார். வாசகர்கள் கொதித்தார்கள். கருத்துக் கேட்புக் கூட்டத்தில் நிலையங்களைப் பற்றி யாரும் பேசவில்லை. டிரைவரை எப்போது உள்ளே தள்ளப்போகிறீர்கள் என்றுதான் கேட்டார்கள். இரண்டாம் கட்டத்துக்கு ஒப்புதல் கிடைத்தது. மேலதிகாரி என் தோளைத் தட்டினார்.

பூசணிக்காய் வேலை செய்தது என்று அனந்தலக்ஷ்மி சொன்னாள். நான் மறுக்கவில்லை.

நாளை இஸ்மாயில் மீதான விசாரணையின் முடிவு. நேற்று மாலை அவனை டிப்போ வாசலில் பார்த்தேன். உள்ளே விடமாட்டார்கள் என்று தெரிந்தும் சீருடையைத் தோய்த்துப் போட்டுக்கொண்டு வந்திருந்தான். என்னைப் பார்த்ததும் சலாம் வைத்தான். என்ன செய்வது என்று இரவெல்லாம் யோசித்தேன். நான் வாயைத் திறந்தால் ரஞ்சன் பாபுவின் மனம் உடைந்துவிடும். உலகத்தில் அவருக்கு மிஞ்சியிருப்பது என்மேல் உள்ள நம்பிக்கை ஒன்றுதான். அதையும் பறிப்பது பாவம். ஆனால் இஸ்மாயில் கொடுத்த தண்ணீரைத் திருப்பித் தராமல் இருப்பதும் பாவம்.

இன்று விடியற்காலையில் அந்தக் கடனைத் தீர்த்தேன். காய்கறிக்காரனிடம் இருந்ததிலேயே பெரிதாக ஒன்று. தடம் தொடங்கும் அதே இடம். இஸ்மாயிலின் பெயரைச் சொல்லி மூன்று முறை சுற்றினேன். ஊர்க் கண்ணெல்லாம் அவன்மேல் இருக்கிறது. அது கழிந்தால் நாளை நல்ல தீர்ப்பு வரும். உடைத்தேன். முந்தியதைவிட நன்றாகவே சிதறியது. யாரும் பார்க்கவில்லை. பார்க்காமல் செய்வதுதான் உபகாரம்.

மூடுபனியில் ஒரு சைக்கிள் மணி கேட்டது. என் கண்ணாடியில் ஈரம் படிந்திருந்தது. கழற்றித் துடைத்துக்கொண்டேன்.