முதல் குரலுக்கே

மாலை ஏழு மணி. பீரங்கி மேட்டுக்கு ஏறும் வீதி. யுத்த காலம், விளக்கு ஏற்றக்கூடாது என்று கட்டளை. ஒரு பக்கம் காடு, மறுபக்கம் பள்ளத்தில் துறைமுகம்... இருட்டில் தண்ணீரின் சத்தம் மட்டும்.

இது என் நண்பன் கோணாமலையின் மாமியார் சிவபாக்கியத்துக்கு நடந்தது. சல்லி என்ற கடற்கரை ஊரில் பிறந்தவர். பதினாறு வயதில் பட்டாளத்துக் கதிரவேலைக் கட்டி, நாற்பதுக்குள் பேர்த்தியையும் கண்டவர். பட்டாளத்து வீடுகளில் எந்தப் பெண்ணுக்குப் பிள்ளை நோவு கண்டாலும் முதலில் ஆள் அனுப்புவது அவரிடம்தான்.

எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. இருட்டில் யாராவது பேர் சொல்லிக் கூப்பிட்டால் உடனே பதில் சொல்லக்கூடாது. மூன்றாம் தரமும் கூப்பிட்டால்தான் அது மனிதர். மனிதர் அல்லாதது மூன்று தரம் கூப்பிடாது. முதல் குரலுக்கே பதில் கொடுத்தவர் அதனோடு போய்விடுவார் என்பார்கள்.

ஆனால் நாற்பத்திரண்டாம் ஆண்டு அந்த வீதி வளைவில் துவக்கோடு காவல் நின்றவர் கதிரவேல். கோணாமலையின் மகள், பேர்த்தி தங்கேஸ்வரி சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு வர, சிவபாக்கியம் அவருக்குச் சோறு கொண்டுபோவார். முதல் நாள் கதிரவேல் பேர் சொல்லிக் கூப்பிட்டார். சிவபாக்கியம் வழக்கப்படி வாய் திறக்கவில்லை. துவக்கின் பூட்டு இழுபட்டது... கிளிக்.

“நாந்தான். சுட்டுப்போடாதேங்கோ.”

“கூப்பிட்ட உடனை சத்தம் குடும், பாக்கியம். உம்மடை மூண்டு தரக் கதை இங்கை சரிவராது. நாளைக்கு வேறை ஆள் நிண்டா சுட்டுப்போடுவான்.”

“சுடட்டுமே. பிறகு ஆர் உங்களுக்குச் சோறு கொண்டாறது?”

அன்றிலிருந்து பழகினார்கள். “பாக்கியம்” என்றால், “ஓம், நாந்தான்.” “தங்கேஸ்” என்றால் குழந்தையும், “ஓம், நாந்தான்.” உடனே. அதற்குப் பிறகு இருட்டுக்குள்ளிருந்து தவறாமல் ஒரு கேள்வி வரும்: “என்ன கறி?”

ஏப்ரலில் யப்பான்காரனின் குண்டு விழுந்தது. கதிரவேல் போனார். பெட்டியை மூடியே கொடுத்தார்கள். துறைமுகத்து எண்ணெய்த் தாங்கி நாட்கணக்கில் எரிந்தது. உடுப்பில், தலைமயிரில், சோற்றில்கூட அந்த மணம். ஊரில் முக்கால்வாசி மூதூருக்கும் தோப்பூருக்கும் ஓடிவிட்டது. எட்டாம் நாள் படையலைக் கொண்டுபோக வீட்டில் கோணாமலையை விட்டால் ஆண் துணை இல்லை. அவன் சட்டியைத் தூக்கினான். மாமியாரும் கூடவே நடந்தார். கதிரவேல் இருந்து சாப்பிடும் கல்லில் வைத்தார்கள். வைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்கக்கூடாது. பார்க்கவில்லை. நடந்தார்கள்...

பின்னால், மிகக் கிட்டத்தில்:

“பாக்கியம்.”

“ஓம், நாந்தான்.”

சொன்ன பிறகுதான் சிவபாக்கியம் தன் வாயைப் பொத்தினார். கோணாமலைக்கும் கேட்டிருந்தது. மாமனாரின் குரலேதான். இருவரும் நின்றார்கள். காற்றில்லை. கருகிய எண்ணெய் மணம்... வேறொன்றும் இல்லை.

“மாமாதான், மாமி. பயப்பிடாதேங்கோ.”

“அவரெண்டாக் கேட்டிருப்பார், தம்பி.”

“என்னத்தை?”

“என்ன கறியெண்டு.”

வீட்டுக்கு வந்து கால் கழுவினார். பேர்த்தியை மடியில் இருத்தி, இனி இருட்டில் ஆர் கூப்பிட்டாலும் பேசக்கூடாது என்று சொல்லிக் கொடுத்தார். அடுத்த நாளும் அதையே சொன்னார். அதற்கடுத்த நாள் விடிய அவர் எழும்பவில்லை. காய்ச்சலும் இல்லை, காயமும் இல்லை.

செத்த வீட்டுக்கு நானும் போனேன். எரித்துவிட்டு வந்து முற்றத்தில் ஐந்தாறு பேர் நெருங்கி இருந்தோம். கோணாமலை இதையெல்லாம் எங்களுக்குச் சொன்னது அப்போதுதான். சொல்லச் சொல்ல அவன் குரல் தாழ்ந்துகொண்டே போனது. அவன் மனைவியும் எங்களோடுதான் இருந்தாள். அயல்வீட்டு ஸல்ஹா கொண்டுவந்த சோற்றைக் குழந்தை குசினிக்குள் அடுப்படியில் இருந்து தின்றுகொண்டிருந்தது. பீங்கான் தட்டை விரலால் வழிக்கும் சத்தம் கேட்டது.

வேலிப் படலைக்கு வெளியே ஓர் ஆண் குரல். சாவகாசமாக.

“தங்கேஸ்...”

பீங்கான் சத்தம் நின்றது.

கோணாமலை பாய்ந்து எழும்பினான். குசினி வாசலை எட்டுவதற்குள்...

“ஓம், நாந்தான்.”

‘என்ன கறி?’ என்று அந்தக் குரல் கேட்டுவிட வேண்டும் என்று, இருட்டில் படலையைப் பார்த்தபடி இருந்தோம்.

விடியும்வரை இருந்தோம்.