உப்புப் படாத வண்டி

வண்டிக்குள் ஏறும்போது நான் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் ஏறுவேன். அதற்காக நீங்களும் கழற்ற வேண்டும் என்று கட்டாயமில்லை, மினோவா சான். ஆனால் கழற்றிவிட்டீர்கள். வண்டியை வாங்க நகோயாவிலிருந்து இவ்வளவு தூரம் வந்த மனிதர், யாரும் கேட்காமலே கராஜில் வெறும் காலுறையோடு நிற்கிறார் என்றதும், சரியான ஆள்தான் வந்திருக்கிறார் என்று எனக்குப் பட்டது. என் மனைவி சுமியே இருந்திருந்தால், "ரெண்டு பைத்தியமும் ஒண்ணு சேர்ந்தாச்சு" என்று சொல்லிவிட்டுத் தேநீர் போடப் போயிருப்பாள்.

நீங்கள் டார்ச்சை எடுத்துக்கொண்டு வண்டிக்கு அடியில் போனதையும், வெகு நேரம் வெளியே வராததையும் பார்த்துக்கொண்டிருந்தேன். எழுந்து வந்து, "குராமோச்சி சான், நிஜமாவே இவ்வளவு பனி கொட்டுற நீகாட்டாவுல இருந்த வண்டியா இது? ஒரு பொட்டுத் துரு இல்லையே, எப்படிங்க?" என்று கேட்டீர்கள். அதற்கு ஒரு வரியில் பதில் சொல்லலாம்: குளிர்கால ரோட்டில் இந்த வண்டி ஓடியதே இல்லை. ஆனால் ஒரே ஒரு நாள் ஓட வேண்டியிருந்தது. அந்த நாளைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் ரோடுகள் பழுப்பாக இருப்பதை வரும் வழியில் பார்த்திருப்பீர்கள். பனியைக் கரைக்க நடு ரோட்டுக் குழாய்களிலிருந்து நிலத்தடி நீர் பீய்ச்சுகிறது. அதில் இரும்பு அதிகம். மேட்டில் உப்பு தூவுகிறார்கள். இந்த இரண்டும் கலந்த தண்ணீர் தகட்டின் மடிப்புக்குள் ஒரு தடவை போய்விட்டால் போனதுதான். எவ்வளவு கழுவினாலும் வராது. உள்ளே உட்கார்ந்து மெதுவாகத் தின்னும். வெளியே தெரியும்போது எல்லாம் முடிந்திருக்கும்.

என் வேலையும் இதற்குக் காரணம் என்று சொல்லலாம். முப்பது வருடத்துக்கு மேல் போல்ட் தொழிற்சாலையில் பரிசோதகனாக இருந்தேன். கீறல் விழுந்த போல்ட்டைப் பொறுக்கித் தூக்கி எறிவது வேலை. வீட்டுக்கு வந்து கண்ணாடியில் என் முகத்தைப் பார்ப்பேன். அங்கே ஒரு பரிசோதகர் இருந்திருந்தால் என்னை முதல் நாளே எறிந்திருப்பார். இந்த வண்டி ஒன்றுதான் என் கைக்கு வந்து, எறிய வேண்டியில்லாமல் இருந்த பொருள்.

மகள் சிஹாரு பிறந்த வருடம் வாங்கினேன். வண்டி வந்த தேதியைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். மகளின் பிறந்தநாளுக்குக் கொஞ்சம் யோசிக்க வேண்டும். சுமியே கோபித்துக்கொண்டதில்லை. நான் மெழுகுத் துணியோடு கிளம்பினால், "சின்ன வீட்டைக் குளிப்பாட்டப் போறீங்களா? எனக்கு முதுகு தேச்சுவிட்டு எத்தனை வருஷமாச்சுன்னு அவளைக் கேட்டுச் சொல்லுங்க" என்பாள். நான் திரும்பி வந்து, "கேட்டேன், அவளுக்கும் ஞாபகம் இல்லையாம்" என்பேன். சிரிப்பாள். நல்ல சிரிப்பு, சமையலறை முழுக்கக் கேட்கும்.

கராஜ் இந்த வெள்ளை வண்டிக்கு என்பதால், நாங்கள் அன்றாடம் ஓட்டும் சின்ன வண்டி வெளியில், வீட்டுக் கூரையின் ஓரத்தில்தான் நிற்கும். போன வருடம் ஜனவரியில் கூரைப் பனி மொத்தமாகச் சரிந்து அதன் மேல் விழுந்தது. தோண்டிப் பார்த்தால் கண்ணாடி நொறுங்கி, மேல்தகடு இருக்கை வரை இறங்கியிருந்தது. "அவ இடத்துல நான் நின்னிருந்தா இந்தக் கதி வந்திருக்குமா?" என்று சுமியே அந்த வண்டியின் குரலில் கேட்டாள். அன்றும் சிரித்தோம்.

அடுத்த நாள் காலை உணவு முடிந்ததும் அவளுக்கு நெஞ்சு வலித்தது. குளிர்பதனப் பெட்டியில் சாய்ந்து தரையில் உட்கார்ந்துவிட்டாள். நெற்றியெல்லாம் வியர்வை. இலையுதிர் காலத்திலும் இப்படி ஒரு தடவை வந்து, வயிற்றுக் கோளாறு என்று முடிந்திருந்தது. இதுவும் அதுதான் என்று நினைத்தேன். நினைத்தேன் என்பதைவிட, நினைக்க விரும்பினேன் என்பது சரி.

ஆம்புலன்ஸைக் கூப்பிட்டேன். அதில் ஒரு குறையும் வைக்கவில்லை. போனை எடுத்த பெண் பொறுமையாகப் பேசினாள். "உங்க ஊர் வண்டி இன்னொரு கேஸுக்குக் கணவாய்க்கு அந்தப் பக்கம் போயிருக்குங்க. பக்கத்து ஊர்லேர்ந்து அனுப்புறோம், ஆனா நேரமாகும். உங்ககிட்ட கார் இருந்தா நீங்களே கூட்டிட்டு வந்துடுங்களேன். ஆஸ்பத்திரி வரைக்கும் ரோடு நல்லா இருக்கு."

பக்கத்து வீட்டு ஓபாதாவைக் கேட்கலாம் என்றால், அவன் குளிர்காலத்தில் ஊராட்சிக்குப் பனி வழிக்கும் இயந்திரம் ஓட்டுகிறவன். விடியும் முன்பே போயிருந்தான். எங்கள் ரோட்டை அவன்தான் வழித்திருந்தான். தார் தெரிந்தது. வெள்ளை வண்டியில் இருந்தது பனியில் வழுக்கும் கோடைக்கால டயர்தான். ஆனாலும் மெதுவாகப் போயிருக்கலாம். டயரைக் காரணம் சொல்ல எனக்கு ஆசைதான். முடியவில்லை.

"வெள்ளைய எடுங்க, சிஹாரு அப்பா," என்றாள். "இந்த ஒரு தடவ. நான் ஷூவக் கழட்டிட்டே ஏறுறேன்."

போனேன். கதவைத் திறந்து, செருப்பைக் கழற்றி, உட்கார்ந்தேன். கராஜ் கதவு பாதி திறந்திருந்தது. எதிரே ரோட்டில் குழாய்த் தண்ணீர் பழுப்பாகப் பீய்ச்சிக்கொண்டிருந்தது. மேட்டில் உப்பு புதிதாக, சர்க்கரை போல மின்னியது. சாவி கையில்தான் இருந்தது. திருப்பவில்லை. இத்தனை வருடம் காத்ததை ஒரு காலைப் பொழுதில் விடுவதா, அதுவும் வயிற்றுக் கோளாறாக இருந்துவிட்டால் என்று யோசித்தேன். யாராவது வந்து சாவியைப் பிடுங்கித் திருப்பிவிட்டால் தேவலை என்றுகூட இருந்தது. யாரும் வரவில்லை. உள்ளே போய், "கிளம்பல," என்றேன்.

அவள் என்னை நம்பினாள். அதுதான் கஷ்டம். திட்டியிருந்தால் ஒருவேளை கிளப்பியிருப்பேன்.

"இன்னொரு தடவ பாருங்களேன்... ரொம்ப வலிக்குதுங்க."

மறுபடி போனேன். அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஆம்புலன்ஸ்காரர்களோ, அந்த வழியே வரும் ஓபாதாவோ சும்மா ஒரு தடவை சாவியைத் திருப்பிப் பார்த்தால்? பொய் சொல்வது எனக்குப் பழக்கமில்லை, மினோவா சான். சுமியேயிடம் நான் சொன்ன பெரிய பொய் அதுவரை எதுவும் கிடையாது. அதனால் அதைப் பொய்யாக விட்டுவைக்க மனம் வரவில்லை. ஸ்பானரை எடுத்து, இந்த வண்டியில் பேட்டரி இருக்கும் பின்பக்கப் பெட்டியைத் திறந்தேன். பேட்டரியின் திருகு இறுகிப் போயிருந்தது. விறைத்த விரலோடு போராடினேன். விரல் கிழிந்தது. உள்ளே அவள் என்னைக் கூப்பிடுவது கேட்டது. "இதோ, இதோ" என்று சொல்லிக்கொண்டே கழற்றினேன். பேட்டரியை வெளியே எடுத்துப் பழைய துணிக்கடியில் வைத்தேன். இப்போது உண்மையிலேயே வண்டி கிளம்பாது.

நான் திரும்பியபோது அவள் உதடு நீலம் பூத்திருந்தது. என் கைகளைப் பார்த்தாள்.

"அய்யோ, கையப் பாருங்க, கறுத்துப்போய்... ரத்தம் வேற. போதும், விடுங்க. கிளம்பலன்னா நீங்க என்னதான் பண்ணுவீங்க? குளிர்ல நிக்காதீங்க, வந்து பக்கத்துல உக்காருங்க."

உட்கார்ந்தேன். என் கையைத் தன் ஏப்ரனில் துடைத்துவிட்டாள். முழுதாகத் துடைக்க அவளால் முடியவில்லை.

ஆம்புலன்ஸ் வந்தது. வாசலில் கழற்றிய செருப்பைத் தேடி நேரத்தை வீணாக்கியது நான்தான். அவர்கள் பூட்ஸோடு உள்ளே ஓடி வந்து ஓடிப்போனார்கள். போகும் வழியெல்லாம் உப்புத் தண்ணீர் ஆம்புலன்ஸின் பக்கவாட்டில் சடசடவென்று அடித்துக்கொண்டே வந்தது. நல்ல வேளை என்று ஒரு கணம் நினைத்தேன். ஒரு கணம்தான். ஆற்றுப் பாலம் தாண்டும் முன் அவள் போய்விட்டாள். கொஞ்சம் முன்னால் வந்திருந்தால் என்று டாக்டர் ஆரம்பித்தார். என் கைகளைப் பார்த்துவிட்டு வாக்கியத்தை முடிக்கவில்லை.

கடைசிவரை முயன்ற புருஷன் என்ற நினைப்போடு அவள் போனாள். அந்த ஆறுதலையாவது அவளுக்கு நான் கொடுத்தேன் என்று சில நாள் தோன்றுகிறது. மற்ற நாட்களில் சமையலறைக்குள் போக முடிவதில்லை; வெளியே நின்றபடி கடையில் வாங்கிய சோற்று உருண்டையைத் தின்கிறேன். நீங்கள் பார்க்கும் இந்த மெலிவு டயட் அல்ல.

ஈமச் சடங்கில் சிஹாரு என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். "உங்க மேல ஒரு தப்பும் இல்லப்பா. அந்தப் பாழாப்போன வண்டிதான் கழுத்தறுத்துடுச்சு." ஊரிலும் அதே பேச்சு. ஓபாதா ஒரு நாள் கராஜ் கதவை எட்டி உதைத்துவிட்டு, "தேவைப்பட்டப்ப ஓடாத வண்டி என்ன வண்டிண்ணே இது, பழைய இரும்புக்குப் போடுங்க" என்றான். எல்லோருக்கும் தலையாட்டினேன். போனில் உங்களிடமும் சிஹாரு சொன்னாளாமே, குளிரில் காலை வாரும் வண்டி, யோசித்து வாங்குங்கள் என்று.

என்னைப் பற்றி யார் என்ன சொன்னாலும் தாங்கிக்கொள்வேன். இனி சொல்வார்கள்; நீங்கள் நேரே போலீசுக்குப் போனாலும் நான் தடுக்கப்போவதில்லை. ஆனால் இந்த வண்டியைப் பற்றி அப்படிப் பேசுவதைக் கேட்டுக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை. அதனால்தான் இவ்வளவும் சொன்னேன். பேட்டரியை மறுபடி மாட்டியிருக்கிறேன். உள்ளே உட்காருங்கள், மினோவா சான். சாவியைத் திருப்பிப் பாருங்கள். முதல் திருப்பிலேயே கிளம்பும். அன்றும் கிளம்பியிருக்கும். அதன் மேல் ஒரு குற்றமும் இல்லை.