மல்லிகா சொன்ன சாட்சி

சேத்தியாத்தோப்பு பஸ்ஸில் எனக்கு முன்சீட்டில், பீங்கான் பொம்மை செய்யும் இரண்டு பெண்கள். மூத்தவர் பஸ் இரைச்சலையும் மீறிச் சொன்னார்:

“இன்னிக்கி நான் திட்டலடி!”

“நீங்களா? நம்ப முடியலக்கா.”

“மல்லிகா என் பலகையத் தட்டி வுட்டுட்டா. சூளைக்கிப் போவ வேண்டிய பொம்ம, அத்தினியும் தூளு. கெட்ட வார்த்த வாய் வரைக்கும் வந்துடுச்சி. ஆண்டவரேன்னு முழுங்கிட்டு, ‘கால்ல அடி பட்டுச்சாம்மா?’ன்னு கேட்டேன்.”

“அதுக்கு அவ?”

“அழுதுட்டா. ‘திட்டிடுங்கக்கா, பயமா இருக்குது’ன்னா.”

இருவரும் குலுங்கிச் சிரித்தார்கள்.

“ஞாயித்துக்கெழம சபையில எழுந்து, ஆண்டவர் செஞ்சதச் சாட்சியாச் சொல்லப் போறேன்.”

“நீங்க எதுக்குக்கா? இப்பத்தான் வெவரம் புரியுது. பழமலைநாதர் கோயிலுக்குப் போற மல்லிகாவே, ‘அக்காவ அவங்க சாமி மாத்திட்டாரு’ன்னு கம்பெனி பூரா சொல்லிட்டாளே!”