ஒன்பது படங்கள் போதும்

என் வேலையில் பாதி நேரம், "இது வேண்டாமே" என்று வாடிக்கையாளரிடம் பக்குவமாகச் சொல்வதிலேயே போய்விடும், ஐயா. இணையதளம் வடிவமைப்பவன் நான்.

அக்கா ஓவியர். தன் படங்களுக்கு ஒரு தளம் கேட்டு அறுபது புகைப்படங்களை அனுப்பினாள். ஒன்பதை எடுத்துக்கொண்டேன். வெள்ளைப் பக்கம், ஒன்பது படங்கள், மேலே சிறிய எழுத்தில் அவள் பெயர்.

"மிச்சமெல்லாம் எங்கடா?"

"ஒன்பது போதும்க்கா."

"வீட்டை கட்டச் சொன்னா வாசப்படிய மட்டும் வச்சிட்டு வந்திருக்க" என்று சிரித்தாள்.

தளத்தைப் பார்த்த ஓவியக்கூட உரிமையாளர் ஒருவர், மற்ற படங்களையும் நேரில் பார்க்க வருவதாக எழுதினார். அக்காவுக்குத் தலைகால் புரியவில்லை. எனக்குச் சோறு இறங்கவில்லை.

மாடியில் அவள் வரையும் அறையை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். எண்ணெய் நாற்றம். தூரிகை ஊறும் கோப்பைக்குப் பக்கத்தில் பூஞ்சை பிடித்த டீ. ஈரச் சாயத்தில் ஒட்டிக் காய்ந்த அவளுடைய நரைமுடி. குமட்டும். அதை அந்நியர் ஒருவர் பார்ப்பதா?

செவ்வாய் மதியம் அவள் பல் மருத்துவரிடம் போயிருந்தாள். மாற்றுச் சாவி என்னிடம் இருந்தது. கையுறை போட்டுக்கொண்டு, படங்களைச் சட்டத்திலிருந்து அறுத்துச் சுருட்டிக் குப்பைப் பைகளில் திணித்தேன். அந்த ஒன்பதை மட்டும் சுவரோரம் சாய்த்து வைத்தேன்.

அவள் சீக்கிரமே திரும்பிவிட்டாள். மருந்தில் மரத்த வாய் ஒரு பக்கம் தொங்கியது.

"அது அம்மாடா" என்றாள்.

நான் அறுத்துக்கொண்டிருந்தது அம்மாவின் முகமாம். எனக்கு அப்படித் தெரியவில்லை. அவள் என் மேல் விழுந்து பிடுங்கினாள். வாயிலிருந்து வழிந்த எச்சில் என் கழுத்தில் பட்டது. தள்ளினேன். பின்னால் படிக்கட்டு.

கீழேயிருந்து குறட்டை போல மூச்சு கேட்டது. இன்னும் பதினோரு படங்கள் இருந்தன. அவற்றை முடித்தேன், பைகளைக் கட்டினேன், சோப்புப் போட்டு இரண்டு முறை கழுத்தைக் கழுவினேன். பிறகு ஆம்புலன்ஸை அழைத்தேன். மூச்சு எப்போது நின்றது என்று கேட்கிறீர்கள். ஏழாவது படத்தின்போது சத்தம் இல்லை.

அன்று மாலையே தளத்தில் அவள் பெயருக்குக் கீழே பிறந்த ஆண்டு, இறந்த ஆண்டு இரண்டையும் சாம்பல் நிறத்தில் சேர்த்தேன். கொன்றேன் என்று எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் அந்தப் பக்கத்தை ஒருமுறை திறந்து பாருங்கள், ஐயா. அக்கா இவ்வளவு சுத்தமாக ஒருநாளும் இருந்ததில்லை.