வாக்குக் கொடுக்கிற உத்தியோகம்

— சுவத்துக்கு மேல ஆகாசந்தான் இருக்குது. நீங்க என்னடான்னா பால் காய்ச்ச நாள் குறிச்சுக் குடுத்துட்டு வந்திருக்கீங்க. எனக்குக் குமட்டுதுங்க மனுவேலு.

— கோவப்படாதிரும் வெள்ளியங்கிரி. சனங்க கேட்டாவ, சொன்னேன். பாத்துக்கிடலாம்.

— என்னத்தப் பாத்துக்கறது? ஓடு ஏத்திட்டு வர்ற லாரி நாடுகாணி மலை ஏத்தத்துல மண்ணு சரிஞ்சு அந்தப் பக்கமே நிக்குது. ரோடு எப்பத் தொறக்கும்னு ஒருத்தருக்கும் தெரியாது. நேத்தே உங்ககிட்டச் சொன்னனா இல்லீங்களா?

— சொன்னீரு. அத நான் போயி எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டுச் சொல்ல? சிலோன்ல இருந்து கப்பலேறி வந்து, மண்டபம் கேம்புல கெடந்து, இப்ப இங்க ஓலை ஷெட்டுல நனைஞ்சிக்கிட்டு இருக்காவ. ஒமக்குக் கல்லு, மண்ணு, கொத்தனாரு. எனக்கு மனுசங்க வே. அவங்க கண்ணப் பாத்துப் பேசணும்.

— அப்பிடிப் பிரிச்சு வெச்சாரு பாருங்க நம்ம கான்ட்ராக்ட்டு மொதலாளி, அவரைச் சொல்லோணும். ஒருத்தன் வாயிலயே ஊடு கட்டறது, இன்னொருத்தன் சேத்துல நின்னு அதுக்கு ஏச்சு வாங்கறது. நீங்க சலவைச் சட்டையப் போட்டுட்டுப் போயி கேம்பு ஆபீசருகிட்டயும் ‘சரிங்க’ன்னுடறீங்க, சனத்துகிட்டயும் ‘சரிங்க’ன்னுடறீங்க. குடும்பத்துக்கு ஒரு கக்கூஸ்னு சொன்னீங்களாமா. பிளான்ல எங்கீங்க இருக்குது? ஷெட்டுல இருக்கற மூக்கம்மா வந்து எங்கிட்டக் கேக்குது. த்தூ, என்ன பொழப்புங்க இது.

— நான் நயமாப் பேசலன்னா இந்த வேலையே நமக்கு வந்திருக்காது. ஒம்ம ஆளுக கொத்துக் கரண்டி பிடிக்கதே என் வாயாலதான்.

— வேலை வாங்கறது வேற, புளுகறது வேறங்க. உள்ளதச் சொன்னா அவங்க கஷ்டத்தோட கஷ்டமா ஷெட்டுலயே இருந்துக்குவாங்க. எப்ப முடியும்னு எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டுட்டுச் சொன்னா உங்க வாய் தேஞ்சா போயிரும்? உங்களோட ஒரே பெஞ்சில உக்காந்து டீ குடிக்கவே அருவருப்பா இருக்குது.

— உள்ளதச் சொல்லது அம்புட்டு லேசா? அன்னா தங்கையா வாறாரு. மவளுக்கு நெறமாசம். நான் வாயே தொறக்கல, நீரே சொல்லும்.

— சொல்றேன், எனக்கென்ன பயம். வாங்க தங்கையா, நனையாம இப்பிடி நில்லுங்க.

— கும்பிடுறேன் ஐயா. மகளுக்கு இந்த வாரத்துலன்னு மருத்துவச்சி சொல்லிட்டுப் போயிருச்சு. ஷெட்டுக்குள்ள தண்ணி ஓடுது. பாய எங்கிட்டுப் போட்டாலும் நனையுது. நமக்குக் கட்டுற காம்பரா வீட்டுக்கு எப்ப ஓடு போடுவீங்கன்னு கேட்டுட்டு வரச் சொல்லிச்சு.

— அது வந்துங்க தங்கையா... லாரி ரோட்டுல கொஞ்சம்...

— சொல்லுங்கய்யா. மக காலையில இருந்து அழுதுக்கிட்டே கெடக்கு. சிலோன்ல எங்க எல்லாருக்கும் தோட்டத்துக்காரன் குடுத்த லயத்து வீடுதான். புள்ளையாச்சும் சொந்தக் கூரைக்குக் கீழ பொறக்கணும்னு அதுக்கு ஒரு ஆசை. வேற ஒண்ணும் கேக்கல.

— அழ வேண்டாம்னு சொல்லுங்க.

— எப்பன்னு கேக்குமுங்களே, என்னா சொல்லட்டும்?

— நாளைக்கு. நாளைக்குப் பொழுது சாயறதுக்குள்ள ஓடு போட்டர்றேன், போங்க.

— வெள்ளியங்கிரி, என்னவே சொல்லுதீரு?

— நீங்க சித்தெ சும்மா இருங்க மனுவேலு.

— இது போதுங்கய்யா. மனுவேல் ஐயா கோவிக்கக் கூடாது, அவரு நல்லாத்தான் பேசுவாரு. ஆனா அவரு பேச்ச நம்பி ஷெட்டுல ஒருத்தரும் ஒரு சட்டியக்கூட அசைக்கல. வேலை செய்யிற ஐயா வாயால வரட்டும்னு இருந்தோம். அப்ப நான் போயிட்டு வர்றேங்கய்யா.

— இருங்க தங்கையா, அவசரப்படாதீங்க. எங்கீங்க போறீங்க?

— மேல ரோட்டுல புதுசா ஒரு குடும்பம் லாரியில வந்து எறங்கி, கைப்புள்ளையோட மழையில நிக்குது. எங்க ஷெட்ட அதுகளுக்கு விடுறதா ஆபீசருகிட்டச் சொல்லியிருக்கேங்கய்யா, நீங்க என்னா சொல்வீங்கன்னு தெரிஞ்சுக்கிடத்தான் வந்தேன், இப்பப் போயி சாமான் சட்டிய வெளிய எடுத்துர்றேன். ஒரு ராத்திரிதானே, மக அந்தப் புதுச் சுவரோரமா சாக்கப் போத்திக்கிட்டுப் படுத்துக்கிரும்.