தண்ணி வெளிய போகல

இல்ல தம்பி, வாஷிங் மெஷினுக்குள்ள தண்ணி நல்லாத்தான் வருது. வெளியதான் போகமாட்டேங்குது. துணியெல்லாம் அப்படியே ஊறிக்கிட்டுக் கெடக்கு. இந்தா, பழைய டவல் ஒண்ணு, கீழ போட்டுக்கோ. போன தடவ மெஷினுக்கு அடில இருக்கற அந்தச் சின்ன மூடிய நீ தெறந்தப்போ கூடம் வரைக்கும் தண்ணி ஓடுச்சே, ஞாபகமிருக்கா? எம்பொண்ணு விழுந்து விழுந்து சிரிச்சா. நான் ரெண்டு பேரையும் சேத்துத் திட்டினேன்.

ஆமா, மெலிஞ்சுதான் போயிட்டேன். நீ மட்டும் என்னவாம், சட்ட தொளதொளன்னு தொங்குது. ஒழுங்கா சாப்பிடறியா இல்லயா? உங்கம்மா கேக்க மாட்டாங்களா, என்னடா ஆச்சுன்னு? ஓ, அவங்களுக்கு ஒண்ணும் தெரியாதா. சரி, விடு. வேலயப் பாரு.

எங்க வீட்டுக்காரரு இந்த மெஷினயே வித்துடலாங்கறாரு. ரெண்டு பேரு துணிக்கு எதுக்கு இவ்வளோ பெரிய மெஷின்னு. பழைய சாமான் வாங்கற ஆளு நாளைக்கு வரானாம். ஓடாத மெஷின எவன் வாங்குவான், மொதல்ல ரிப்பேர் பாக்கணும்னு சொல்லிட்டுத்தான் உனக்குப் போன் பண்ணேன். அவரு செருப்ப மாட்டிக்கிட்டுக் கெளம்பிட்டாரு. இப்பல்லாம் அவரு பேசறதே இல்ல. எனக்குத்தான் வாய் ஓயல. நிறுத்தினா வீடு அப்படியே அமைதியாயிடுது தம்பி. அதத்தான் தாங்க முடியல.

அவ இருந்தப்போ இது எத்தன தடவ நின்னுச்சு! எப்பப் பாரு உன்னக் கூப்பிட்டுக்கிட்டே இருப்பேன். நீயும் உள்ளேருந்து என்னத்தயாச்சும் எடுத்துக் காட்டுவ. சட்டப் பட்டன், தோட்டுத் திருகாணி, கொண்ட ஊசி. பாத்துப் போடக் கூடாதாடி, போற வீட்ல மாமியாக்காரி என்னத்தான் ஏசுவான்னு கத்துவேன். அவ காதுலயே வாங்காம உனக்கு டீ போடப் போயிடுவா. எனக்கு ஒரு நாள் போட்டுக் குடுத்ததில்ல அந்தக் கழுத. மெஷின் ரிப்பேருக்கு எவளாச்சும் புது டிரஸ் போட்டுக்கிட்டு நிப்பாளா?

சாதாரணக் காய்ச்சல்னுதான் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனோம். திரும்பி வரும்போது... சரி, உனக்குத் தெரியாததா. அன்னிக்கு நீ தெருமொனைல தோள்ல பையோட நின்னுட்டிருந்த. யார் வீட்டுக்கோ வேலைக்கு வந்திருக்கன்னு நெனச்சேன். எல்லாரும் கலஞ்சு போற வரைக்கும் அங்கயே நின்னியாமே, பக்கத்து வீட்டு டீச்சரம்மா அப்புறமாச் சொன்னாங்க. உள்ள வந்திருக்கலாம்ல. யாருன்னு சொல்லிக்கிட்டு வர்றதுங்கறியா... ஆமா, அதுவும் சரிதான்.

அதுக்கப்புறம் பாத்துக்கோ, மெஷின் ஒரு தடவ கூட நிக்கல. அதே மெஷின், அதே தண்ணி. ஒரு ஊசி மாட்டல, ஒரு பட்டன் மாட்டல. ஒரு நாள் மாடில துணி காயப் போட்டுட்டிருக்கேன், இந்த மரமண்டைக்கு அப்பத்தான் ஒறச்சுது. மெஷின் மேல ஒரு கொறையும் இல்ல. நீ வரணும்னு அவதான் ஒவ்வொண்ணாப் போட்டிருக்கா. ஈரத்துணிய மடியில வெச்சுக்கிட்டு அங்கயே உக்காந்துட்டேன். நீயும் ஒண்ணும் தெரியாத புள்ளயாட்டம் எடுத்து எடுத்துக் காட்டினியே!

மெதுவாத் திருப்பு, தண்ணி வரும். டவலத் தள்ளிப் போடு. என்ன, மாட்டியிருக்கா? எடு, எடு.

அவளோட கிளிப்தான். அந்த நீலக் கிளிப். யாரு வாங்கிக் குடுத்ததுன்னு நான் கேக்கல. ஆஸ்பத்திரில கூட கழட்ட விடமாட்டேன்னுட்டா.

அழாத தம்பி. காலைல நான்தான் அத உள்ள வெச்சேன். நீ தெறக்கறதப் பாத்துப் பாத்து எனக்கும் பழகிடுச்சு. உன்ன வேற என்ன சொல்லிக் கூப்பிடறதுன்னு எனக்குத் தெரியல.

நீயே வெச்சுக்கோ. பாக்கெட்ல போடு. கேட் சத்தம் கேக்குது, அவரு வந்துட்டாரு. கண்ணத் தொடச்சுக்கோ. இந்த மெஷின் வித்தாலும் வெல போகாது, அடிக்கடி வந்து பாத்தாத்தான் ஓடும்னு அவருகிட்ட நீயே சொல்லிடு.